வேலியோரத்து உப்பு

ஏனுங்க,

உயிரோடு இருந்தபோது மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். இனி ஒரு தரம்தான் கூப்பிடுவேன். என் அன்பான மனுஷரே, காது கொடுத்துக் கேளுங்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. மகள் கோத்தகிரியிலிருந்து வந்து திதியைக் குறையில்லாமல் செய்துவிட்டுப் போனாள். நல்ல சேதி அது ஒன்றுதான். மீதியெல்லாம் கடமான் சேதி.

ராத்திரிக் காவலுக்கு நீங்கள் இல்லாத இந்த ஒரு வருஷத்தில் பீன்ஸ் போச்சு. முட்டைக்கோஸ் போச்சு. கேரட்டை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. விடிந்து கதவைத் திறந்தால் வேலியோரம் குதிரை உயரத்துக்கு ஒன்று நின்று மண்ணை நக்கிக்கொண்டிருக்கிறது. விரட்டினால் காதை மட்டும் ஆட்டுகிறது. நான் சொல்லியும் நகராமல் நிற்க உங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன் வந்தார். உங்களோடு இருபது வருஷம் எஸ்டேட் காட்டில் கத்தி பிடித்தவர், முகத்தைப் பார்த்தே பேசவில்லை.

"எம்பட தோட்டத்துல ஒரு செடி மிஞ்சலீங்க அண்ணி. அமாவாசை வரைக்கும் பொறுக்கறனுங்க. அப்பறம் சுருக்குக் கம்பி வெச்சுப்போடுவேன். வருத்தப்படக் கூடாது."

"வெச்சுக்குங்க, எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது. கம்பியில் கழுத்து மாட்டினால் அது எவ்வளவு நேரம் துடிக்கும் என்று நீங்கள் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

அவர் படலைத் தாண்டியவர் திரும்பி வந்தார். "அதுக ஏன் உங்க வேலிக்கே வருதுன்னு நெசமாலுமே தெரியாதுங்களா? அண்ணன் மாசாமாசம் அங்க உப்புல்ல கொட்டுனாரு!"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கல்லுப்பை அள்ளிக்கொண்டு போவீர்களே, எதற்கு என்று கேட்டால் "களை சாகட்டும்னுதான்" என்பீர்களே! எட்டு வருஷம் நம்பினேன். களை ஒன்றும் சாகவில்லை, என் பீன்ஸ்தான் செத்தது.

துரைக்கு மான் வேட்டை வேண்டும் என்று எஸ்டேட் காட்டையே நீங்கள் மாற்றி வைத்தது எனக்குத் தெரியாததா? உன்னிச்செடியை வெட்டினீர்கள். சீகை மரங்களைக் கழித்துப் புல் வளரவிட்டீர்கள். ஊற்றைத் தோண்டிக் குளமாக்கினீர்கள். நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று நான் தொண்டை வற்றக் கத்தியபோதும் மானுக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்கப் போன ஆள்தானே! கடைசியில் குழி வெட்டி உப்பும் களிமண்ணும் கலந்து நிரப்பி, எதிரே துரை துப்பாக்கியோடு உட்காரக் கல்லால் ஒரு மறைவு கட்டினீர்கள்.

அப்புறம் சட்டம் வந்தது, வேட்டை நின்றது, துரை ஊரைப் பார்க்கப் போனார். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மீதியை நஞ்சப்பன் சொன்னார். நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் திருட்டுத்தனமாக வந்து அதே மறைவில் உட்கார ஆரம்பித்தார்களாம். மான்கள் அங்கே போகக் கூடாது என்று நீங்கள் உப்பை நம் வேலியோரத்துக்கு மாற்றினீர்களாம். வீடு இருக்கிற இடத்தில் எவனும் சுட மாட்டான் என்று கணக்காம்.

நல்ல கணக்கு! மறைவை இடிக்க அரை நாள் வேலை. அதை விட்டுவிட்டு ஒரு மந்தையையே பெண்டாட்டியின் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்த ஆள் இந்த நீலகிரியில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

மறுநாள் காலையில் கடப்பாரையோடு நஞ்சப்பனை இழுத்துக்கொண்டு மேலே போனேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, மறைவுக்குள்ளேயே உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேரே துப்பாக்கி நீட்டும் ஓட்டை. அதன் வழியே பார்த்தால் உப்புக்குழி மட்டும்தான் தெரிகிறது.

"எவ்வளவு சரியா வெச்சிருக்காரு!" என்றேன் எரிச்சலோடு.

"உங்கூட்டுச் செவலை மாட்டை ஓட்டியாந்து குழிகிட்ட நிறுத்துனாருங்க. நெஞ்சு எந்த ஒசரத்துக்கு வருதுன்னு பாத்துத்தான் ஓட்டை வெச்சாரு. அதையே இடிக்கலாம்னு நானும் பல தடவை சொன்னேனுங்க. இந்தத் தடத்துலயே கால் வைக்க மாட்டேன்னுட்டாரு."

செவலையை மேய்க்கப் போகிறேன் என்று நீங்களாக ஓட்டிக்கொண்டு போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதிசயமாக இருக்கிறதே என்று கேலி செய்தேன். மாலையில் வந்து அதன் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றீர்கள். துரை கொடுத்தனுப்பிய இறைச்சியை ஒரு நாள்கூட நீங்கள் வாயில் வைக்காமல் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கொடுத்ததும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. உங்களுக்கு வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு தரமும் கஷாயம் வைத்துக் கொடுத்த மடச்சி நான்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து முதல் கல்லை நானே தள்ளினேன். மத்தியானத்துக்குள் ஒரு கல்மேல் ஒரு கல் இல்லை. கற்களை உருட்டிச் சரிவில் விட்டோம், இனி எவனும் அங்கே ஒளிய முடியாது.

இப்போது தினமும் வேலியோரத்து உப்புமண்ணை வெட்டித் தேயிலைக் கொழுந்துக் கூடையில் போட்டு முதுகில் சுமந்துகொண்டு போகிறேன். பழைய குழியில் கொட்டுகிறேன். முட்டி விட்டுப்போகிறது. வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறேன். "அண்ணனுக்குப் பொறை ஏறும், விடுங்க அண்ணி" என்கிறார் நஞ்சப்பன். ஏறட்டும். ஆனால் அவரும் ஒரு கூடை சுமக்கிறார். சுருக்குக் கம்பியைத் தன் வீட்டுத் துணிக்கொடியாகக் கட்டிவிட்டார். நேற்று மேலே குழியோரம் இரண்டு குளம்புத் தடம் இருந்தது. இன்று காலையில் வேலியோரம் ஒன்றுதான் நின்றது.

இதற்கு மேல் மாசாமாசம் அந்தக் குழிக்கு உப்பு கொண்டுபோவது என் பாடு. கால் நடக்கிற வரைக்கும் போவேன், இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. கோபம் மட்டும் தீரவில்லை. பீன்ஸுக்காக இல்லை. அந்த இடத்துக்குப் போக மனசு ஒப்பவில்லை என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? உங்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அன்றைக்கே நான் போய் இடித்துவிட்டு வந்திருப்பேனே!

திட்டுவதற்கு நீங்கள் எதிரில் இல்லாத
உங்கள் வீட்டுக்காரி,
ருக்மணி