கயிற்றைப் பிடித்து நின்றவன்

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

புனேயில் இருக்கும் மாதேஸ்வரி அம்மாவுக்கு, உங்கள் அப்பாவின் ஜீப் டிரைவர் திம்மப்பன் கும்பிட்டுச் சொல்லி எழுதிய கடிதம்.

நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் ஜெயமணி எழுதுகிறது. ஓசூர் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பெண், இன்று அதற்கு லீவு. போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் அம்மா படுத்துப் பதினோரு நாள் ஆகிறது. கஞ்சி இரண்டு ஸ்பூன் இறங்கினால் பெரிது. கால் வீங்கிவிட்டது. நேற்று டாக்டர் என்னை வெளியே அழைத்து, பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மா நாராயணம்மாவுக்குப் பார்க்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

டெல்லியில் மந்திரியாக இருந்தபோதும் ஐயா வீட்டுக்கென்று ஒரு சலுகை வாங்கியதில்லை. மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் ஒரு பெட்டி மல்கோவா வைத்துவிட்டுப் போனபோது, நீங்கள் கடித்துக்கொண்டிருந்த பழத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். உங்களுக்கு ஆறு வயது. நான்தான் கையிலிருந்து பிடுங்கினேன். ஃபேக்டரிக்காரர் அந்தப் பழத்தைப் பார்த்து, "இதையுமாய்யா?" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

ஐயாவின் உடலை ஸ்கூல் மைதானத்தில் கிடத்தியிருந்த அன்று நீங்கள் பச்சைச் சேலை கட்டியிருந்தீர்கள். ஓசூரோடு பஸ்ஸை நிறுத்திவிட்டதால் தக்காளி லாரியில் வந்து இறங்கினீர்கள். வரிசைக்குக் கட்டிய கயிற்றைப் பிடித்து நின்றவன் நான். "அண்ணா, என்னை உள்ள விடுங்க" என்றீர்கள். "ஜனம் பாக்குதும்மா. ஐயா பேரு கெட்டுடும். வரிசையில வாங்க" என்றேன். மூன்று மணி நேரம் நின்றீர்கள். உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கும்போது ஐயாவைத் தூக்கிவிட்டார்கள்.

தலைவரின் மகளும் மக்களோடு வரிசையில் நின்றார் என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். முகத்தைப் பார்த்தாரா என்று எவரும் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக நினைவு நாளில் அதையே மேடையில் பேசி எனக்குச் சால்வை போடுகிறார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

நான் மறைத்ததை இப்போது சொல்கிறேன். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஐயா கடைசியாகப் பேசியது என்னிடம். "திம்மப்பா, பாப்பா வந்தா நிக்க வெக்காத. நான் இருந்தாலும் இல்லாட்டியும் நேரா கூட்டிட்டு வா" என்றார். நோவு முற்றி ஏதோ பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஊர் பார்க்க, ஐயாவைவிட நான் கெட்டியாக நின்றேன்.

பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும் அம்மா கூப்பிடவில்லை என்றுதானே அன்றே நீங்கள் திரும்பிப் போனீர்கள்? நீங்கள் வந்து நின்றதே அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. யாரோ பேப்பரைப் படித்துக் காட்டியபோது, மகள் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் அப்படியே நினைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "அவ்ளோ நேரம் நின்னாளே, தண்ணி குடுத்தியா?" என்று கேட்டார்.

நான் உங்களுக்குக் கொடுக்கவில்லை. வெயில் நாள் அது. பானை என் பக்கத்தில்தான் இருந்தது.

அன்றிலிருந்து அம்மா என் கையால் கஞ்சி வாங்குவதில்லை. ஜெயமணி காலையில் வேலைக்குப் போகுமுன் ஊட்டுகிறது. மத்தியானம் வெறும் வயிறுதான்.

குற்றம் என்னுடையது. அதை அம்மா மேல் வைக்காதீர்கள். என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றால், தேன்கனிக்கோட்டையில் தங்கச்சி வீடு இருக்கிறது, போய்விடுகிறேன். சாவி ஜெயமணியிடம் இருக்கும். அம்மாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், வலப்பக்கம் புண். காது நன்றாகக் கேட்கிறது, மெதுவாகவே பேசலாம். கஞ்சியில் உப்பு கொஞ்சமாகப் போடுங்கள்.

உங்கள் குடும்பம் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். மத்தியானத்துக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி வண்டி ஏறுங்கள்.

இப்படிக்கு,
திம்மப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)