உள்ளுக்கும் போடவும்

இன்று கணினி நிலையத்துப் பழைய மேசையை நகர்த்தியபோது, பின்பலகையில் ஒட்டியிருந்த துண்டுத்தாள் கழன்று விழுந்தது. உமது எழுத்து. புரொக்ஸியின் முகவரி, அதன் கீழே போர்ட் இலக்கம், அதற்கும் கீழே இரண்டு தரம் கோடிட்டு, ‘உள்ளுக்கும் போடவும்.’ நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

போரினால் தரைப்பாதை பூட்டியிருந்த அந்த வருடங்களில், வேலணையில் எங்கள் கணினி நிலையத்திலிருந்து இணையத்துக்கு நேர்வழி இல்லை. எதை அனுப்பினாலும் பட்டணத்திலிருந்த புரொக்ஸிக் கணினி வழியாகத்தான் போக வேண்டும். குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவுக்கு நாம் இருவரும் எழுதிய நிரல், செய்த மாற்றங்களின் வரலாற்றோடு சேர்த்து வைத்த ஒரு பெரிய களஞ்சியம். பெயர்களைத் தமிழ் அகர வரிசையில் அடுக்கும் உமது பகுதி, அதற்குள்ளேயே இருந்த தனிக் களஞ்சியம். உள்ளே இருப்பதில் எந்த நிலையை எடுக்க வேண்டும் என்று எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட இலக்கத்தை மட்டும் வெளிக் களஞ்சியம் குறித்து வைத்திருக்கும். சரக்கு அதனிடம் இராது.

“வெளியிலை போட்ட முகவரி உள்ளுக்கு வராது. எத்தினை தரமப்பா சொல்லுறது? அது தனி வீடு, தனிக் கோபம்,” என்று சிரிப்பீர். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன்.

உமது கால்கள் வீங்கத் தொடங்கிய மாதத்தில் பட்டணத்துக்காரர் புரொக்ஸியின் முகவரியை மாற்றிவிட்டார்கள். சிறுநீரக வைத்தியத்துக்குக் கொழும்பு போவதற்குக் கப்பலில் பெயர் கொடுத்துவிட்டுப் புங்குடுதீவு வீட்டில் படுத்திருந்தீர். மூன்று மாதமாகப் படுக்கையிலிருந்து எழுதியதெல்லாம் அந்த மடிக்கணினிக்குள். அதையும் இந்தத் துண்டையும் என் கையில் தந்தீர்.

நான் வெளிக் களஞ்சியத்தில் புது முகவரியைப் போட்டேன். அனுப்பினேன், போனது. உள்ளே சென்று அனுப்பினேன். நெடுநேரம் நின்று, இணைப்பு இல்லை என்றது. அன்று முழுக்க லைன் அறுந்து அறுந்துதான் வந்தது. அதனால் லைனைத்தான் திட்டினேன். துண்டின் மூன்றாவது வரி நினைவுக்கு வரவேயில்லை. கடைசி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“ரெண்டும் போயிட்டுதோ?” என்று படுத்தபடியே கேட்டீர்.

“ஓம், போயிட்டுது.”

“அப்பாடா,” என்று கண்ணை மூடினீர். நாளைக்கு வந்து சரிசெய்யலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியவே உம்மைக் கப்பலுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நீர் திரும்பி வரவில்லை.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு உமது அம்மா கேட்டார். “பிள்ளை, தங்கச்சிக்குப் படிக்க அந்தக் கொம்பியூட்டரிலை உள்ளதெல்லாம் துடைச்சுக் குடுக்கலாமோ? அவன்ர வேலையெல்லாம் பத்திரமா இருக்குதுதானே?”

என் பொய்யை அதற்குள் நானே நம்பியிருந்தேன். “ஓம் அம்மா, எல்லாம் இருக்கு. துடைக்கலாம்,” என்றேன். சே, என்ன வாய் இது!

இரண்டு கிழமை கழித்து நிலையத்துக் கணினியில் எல்லாவற்றையும் இறக்கினேன். வெளிக் களஞ்சியம் ஒழுங்காக வந்து, உமது இலக்கத்தைச் சொல்லி உள்ளே கேட்டது. அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. அப்போதுதான் மூன்றாவது வரி நினைவுக்கு வந்தது. மடிக்கணினியையோ ஏற்கெனவே துடைத்துக் கொடுத்தாயிற்று. நிலையத்தில் தேநீர் போடும் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு அந்த நிரலை எடுத்து நடத்தியவர்கள், “பாவம், நோய் வருத்தத்திலை அனுப்ப மறந்திட்டார் போலை,” என்றார்கள். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கும் உம்மைச் சொன்னார்கள். நான் அருகிலேயே கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உமது பகுதியை வேறொருவர் புதிதாக எழுதினார். உமது இலக்கம் வெளிக் களஞ்சியத்தின் பழைய வரலாற்றில் இன்னும் கிடக்கிறது. அதன் முதல் ஏழு எழுத்துகள் எனக்கு மனப்பாடம்.

இன்று அந்தக் களஞ்சியத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். ‘இந்த இலக்கத்துக்குரிய வேலையை அவர் முடித்துத் தந்திருந்தார். உள்ளே புரொக்ஸியைப் போடாமல் விட்டதும், போய்விட்டது என்று சொன்னதும், துடைக்கச் சொன்னதும் நான்.’ கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். பிறகு பக்கத்துக் கணினியில் இறக்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

நீர் கேட்பீர் என்று தெரியும். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன். ஓம், போயிட்டுது.