பாத்திக் சட்டை போட்ட சாத்தான்

சேசு மரி சூசை துணை

பத்து காஜா,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் மிஷெலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அம்மாவும் உன் தம்பி நைஜலும் நானும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் அந்த அடிலெய்டு வெயிலில் தண்ணீர் குடித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறாரே என்று சிரிக்காதே, நைஜல் படம் பிடித்து உனக்கு இன்றைக்கே அனுப்பிவிடுவான். வாயால் பேசினால் என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. பேனா என்றால் எழுத்துப் பிழைக்குப் பயந்தாவது கொஞ்சம் நின்று நின்று போகும்.

முதலில் நீ வியாழக்கிழமை சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன், மூன்றாம் படிவத்தோடு நின்றுபோன மூளை, தப்பிருந்தால் திருத்து. நீ தாதியாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்தக் கிரேக்கத் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்தபோது விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. அந்த நேரம் அந்த மாடி முழுக்க நீ ஒருத்திதான், வேறு அறையில் ஒரு அம்மாளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய், தாத்தா பக்கத்தில் யாருமே இல்லை. இப்போது உன் மேலாளர் அம்மாள், நீ பக்கத்திலேயே நின்றதாகவும் எழுந்திருக்காதீர்கள் என்று நீ சொல்லியும் தாத்தா கேட்கவில்லை என்றும் விசாரணையில் சொல்லச் சொல்கிறார். சொன்னால் நீ அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் பி.ஆருக்கு இல்லமே விண்ணப்பம் போடும், சொல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். திங்கட்கிழமை விசாரணை. நீ போனை வைத்த கையோடு நான் உனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டு சமாச்சாரம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நேராக விஷயத்துக்கு வந்தால் இது உன் அப்பா எழுதியதில்லை என்று நினைத்துவிடுவாய்.

தவக்காலம் இங்கே அமர்க்களமாக நடக்கிறது. அம்மா இந்த வருஷம் டிவி தொடரை ஒறுத்தல் செய்திருக்கிறாள். டிவியைத் தொடுவதே இல்லை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் துணி காயப்போடும்போது வேலிப்பக்கம் பக்கத்து வீட்டு கலாதேவியிடம், "நேத்து அந்தப் பொம்பள மாமியார்கிட்ட என்னா சொன்னா?" என்று கேட்டு முழுக் கதையையும் வாங்கிக்கொள்கிறாள். கலாதேவி நடித்தே காட்டுகிறாளாம், டிவியைவிட நன்றாக இருக்கிறதாம். நான் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டேன். அதற்குப் பதிலாக மீன் தலைக் கறி, வெண்டைக்காய் போட்டு, புளி தூக்கலாக. போன வெள்ளி சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, ஒறுத்தல் எவ்வளவு கஷ்டம் பார்த்தாயா என்று சொன்னேன், அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பீடோரிலிருந்து உன் சித்தப்பா கொய்யா கொண்டுவந்தார், உனக்குப் பிடிக்குமே என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் நான் சாப்பிட்டேன்.

பெரிய சமாச்சாரம் இதுதான். குருத்து ஞாயிற்றுக்கு முன்னால் நம் கோயில் மண்டபத்தில் நாடகம் போடுகிறோம், ஆண்டவரைப் பாலைவனத்தில் சாத்தான் சோதித்த கதை. மறைக்கல்வி நடத்தும் புனிதா டீச்சர்தான் எழுதி நடத்துகிறாள். நைஜல் தாடி வளர்த்திருக்கிறானே, அதனால் அவன்தான் சேசு. கமுந்திங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அதை மழிக்கச் சொல்லித் தொல்லையாம், நான் சேசு சார் என்று சொல்லிவிட்டானாம். எனக்கு என்ன வேஷம் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். ராஜா மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று தலைக்குச் சாயம்கூட அடித்துக்கொண்டு போனேன். புனிதா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள்தான் சாத்தான்" என்றாள். கொம்பும் வாலும் யார் செய்வது என்று கேட்டேன். "கொம்பெல்லாம் வேணாம் அங்கிள், உங்க மொகமே போதும்லா" என்றாள். மண்டபமே சிரித்தது, உன் அம்மா எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகுதான் புனிதா விளக்கினாள், இந்தச் சாத்தான் பார்க்க நல்ல மனிதராக இருக்கவேண்டும், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டு, தலை வாரி, செண்ட் போட்டு வரவேண்டும் என்று. அந்தச் சட்டை என்னிடம் இருக்கிறது, நீ பட்டம் வாங்கியபோது போட்டேனே, அதேதான், இப்போது பொத்தான் வயிற்றுக்கு மேல் மட்டும் சேருகிறது.

நேற்று மத்தியானம் ஒத்திகை. நான் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் கத்தி வசனம் பேசினேன். புனிதா நிறுத்திவிட்டாள். "அங்கிள், அதட்டாதீங்க. சாத்தான் அதட்டுனா யாரு கேப்பா? பாசமா பேசுங்க. சொந்தப் பிள்ளைக்கு நல்லது சொல்ற மாதிரி பேசுங்க" என்றாள். சரி என்று நைஜல் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன். அந்த நேரம் பார்த்து எழுதிக் கொடுத்த வசனம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வாயில் வந்ததைப் பேசினேன். "தம்பி, ஒரே ஒரு தரம் குனிஞ்சா போதும்லா. யாரு பாக்கப் போறா? எல்லாரும் செய்யறதுதான். உனக்காகவா கேக்குறேன், குடும்பத்த நெனச்சுப் பாரு. அப்புறமா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம், அவரு என்னா வேணாம்னா சொல்லப் போறாரு?" நைஜல் 'அப்பாலே போ சாத்தானே' என்று எழுந்து நின்று முழங்க வேண்டிய இடம். என் கை தோளில் இருந்த பழக்கத்தில், "போங்கப்பா" என்று சொல்லிவிட்டான். சேசு சாத்தானை அப்பா என்று கூப்பிட்டது உலகத்திலேயே நம் பங்குக் கோயிலில்தான் நடந்திருக்கும். புனிதா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள், பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தன. ஆனாலும், "அந்தப் பேச்சு அப்படியே இருக்கட்டும் அங்கிள், நான் எழுதுனதவிட நல்லாருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா மட்டும் கை தட்டவில்லை. வேனில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான்தான் பொறுக்காமல், எப்படி என் நடிப்பு என்று கேட்டேன். "நல்லாத்தான் பேசுனீங்க. எங்கியோ கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். எங்கே என்றேன். "நம்ம வீட்டு ஹால்ல. வியாழக்கெழம மகளுக்கு அனுப்புனீங்களே, அதே பேச்சு. அங்க பாப்பா, இங்க தம்பி, அம்புட்டுதான்." நான் நம்பவில்லை. சாலை ஓரமாக வேனை நிறுத்திவிட்டு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். பாப்பா, ஒரு வார்த்தைதானே. யாருக்குத் தெரியப் போகுது. எல்லாரும் செய்யறதுதான். எங்களுக்காக நெனச்சுப் பாரு. அப்புறம் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம். அப்படியே இருந்தது மகளே. அந்தக் குரலில் எவ்வளவு பாசம் தெரியுமா, எனக்கே ஒரு நிமிஷம் நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒத்திகையே இல்லாமல் வியாழக்கிழமையே வேஷம் கட்டிவிட்டேன், சட்டை மட்டும்தான் பாக்கி.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். உன் நல்லதுக்கு என்று சொல்லத்தான் வாய் வருகிறது, ஆனால் அது பாதிதான். மீதி என்னவென்றால், உனக்கு பி.ஆர். கிடைத்துவிடும் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். சீனர் காப்பிக்கடையில் என் கூட்டாளி பத்துமலையிடம், ஜூன் மாதம் நான் ஆஸ்திரேலியாவில் இருப்பேன், வேனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்லிவிட்டேன். ஜூனில் அங்கே குளிராமே என்று பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு குளிர் ஜாக்கெட்டும் வாங்கி, இந்த ஊர் வெக்கையில் அதைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், வேர்த்துக் கொட்டியது, இருந்தாலும் கழற்ற மனசில்லை. ஆண்டவருக்குச் சாத்தான் உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டினானாம். எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டியிருக்கவில்லை, அடிலெய்டு ஒன்று போதுமாக இருந்தது, அதுவும் குளிர்காலத்தில். இதில் பெரிய சோதனை உனக்கு வந்தது என்று நினைத்தேன், வந்தது எனக்கு. நான் முதல் காட்சியிலேயே விழுந்துவிட்டேன்.

அதனால் இப்போது சொல்வதைக் கேள். அந்தத் தாத்தாவுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஞாயிறுதோறும் கேக் கொண்டு வருவாள் என்று நீதான் சொன்னாய். எப்படி விழுந்தார் என்று அவள் கேட்பாள். நாளைக்கு நான் இங்கே குளியலறையில் விழுந்தால், சத்தம் ஈப்போ வரைக்கும் கேட்கும், அது வேறு விஷயம், ஆனால் நீ அங்கிருந்து கேட்கும்போது யாரோ ஒரு பெண், உங்க அப்பா சொன்ன பேச்சு கேட்கலை, அவர் தப்புதான் என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? நான் சொன்ன பேச்சு கேட்காதவன் என்பது உண்மைதான் என்று அம்மா பின்னாலிருந்து சொல்கிறாள், அதை விடு. நடந்ததை நடந்தபடி சொல். அம்மாவிடம் போனில் அழுதுகொண்டே சொன்னாயே, அதே வார்த்தைகள் போதும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். அந்த மேலாளர் அம்மாளைத் திட்டாதே, அவருக்கு மேலே யார் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு பாசமாகப் பேசுகிறார்களோ தெரியாது. உங்கள் தாதியர் சங்கத்தில் யாராவது பக்கத்தில் உட்கார வருவார்களா என்று கேட்டுப் பார், தனியாகப் போகாதே. வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயமே இல்லை என்று எழுத மாட்டேன், பொய் சொல்லாதே என்று எழுதும் கடிதத்தில் அப்படி எழுதக் கை வரவில்லை. பயம் இருக்கிறது. பெட்டியோடு நீ வந்து இறங்கினால் பத்துமலை என்ன கேட்பான் என்பதைக்கூட யோசித்துவிட்டேன். கேட்கட்டும். அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறேன், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

ஆண்டவர் உன் நாவில் இருக்கட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு விசாரணைக்குப் போகாதே, பசியோடு இருக்கும்போதுதான் அவன் வருவான், ஆண்டவரிடமே அப்படித்தான் வந்தான். செபமாலையைப் பையில் போடு, கழுத்தில் வேண்டாம், உங்கள் இல்லத்தில் அனுமதியில்லை என்றாயே. உன் பதில் வரும்வரை என் போனை அம்மா வாங்கி வைத்துக்கொள்கிறாள், நான்தான் கொடுத்தேன், என்னை நம்ப முடியாது. பேசி முடித்து வெளியே வந்ததும் அவளுக்கு 'சொல்லிட்டேன்' என்று மட்டும் அனுப்பு. வேலை இருக்கா போச்சா என்று நான் கேட்க மாட்டேன். அந்த ஒரு சொல் வந்தால் போதும், அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவோம்.

உன் அன்புள்ள அப்பா,
சவரிநாதன்