ரேஸ் இறங்கவில்லை

24 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜெனரல் ஷிப்ட். குடையை ஃபேக்டரியிலேயே மறந்துவிட்டேன்.

மாலை ஐந்தே கால், ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட். கேட் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் ஆக்சிலேட்டரை விட்டேன். ரேஸ் இறங்கவில்லை. கைப்பிடி திருகின இடத்திலேயே நின்றுவிட்டது. பலங்கொண்ட மட்டும் திருப்பினேன், அசையவில்லை. வண்டி பாட்டுக்குப் போகிறது. முன்னால் நாலைந்து சைக்கிள், ஒரு கொய்யாப்பழ வண்டி, இரட்டைப் பின்னலோடு ஒரு பள்ளிக்கூடப் பெண். பிரேக், கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். இஞ்சின் அலறியது. இஞ்சினை நிறுத்த இடது கைப் பக்கம் ஒரு குட்டி லீவர் உண்டு. பதினோரு வருஷமாகத் தினமும் அழுத்துகிற லீவர். அந்த நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

முன் சக்கரம் அந்தப் பெண்ணின் புத்தகப் பையில் இடித்து நின்றது. அதற்கப்புறம்தான் லீவர் ஞாபகம்.

கொய்யாக்காரர்: “இன்னாய்யா, வண்டி ஓட்டிகினு வர்றியா, ராக்கெட் உடுறியா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் வரை தள்ளிக்கொண்டே வந்தேன். ஏன் தள்ளுகிறீர்கள் என்று மனைவி சரோ கேட்டாள். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். பொய் தானாக வந்தது. அவள் அப்பா பூந்தமல்லி ரோட்டில் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தவர். வேறு என்ன சொல்வது இவளிடம்.

25, செவ்வாய்

மழை. வண்டியைத் தொடவில்லை. பஸ்ஸில் போனேன். மழையில் நனைய வேண்டாமே என்று காரணம் சொன்னேன். சரோவுக்கு ஒரே சந்தோஷம்.

லேத் சத்தம் ஏறும்போதெல்லாம் வலது கை தானாக ரேஸைக் குறைக்கத் திரும்புகிறது. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. தயிர் சாதத்தைப் பாதியில் மூடினேன்.

என்னவாக இருக்கும்:
கேபிள் உள்ளே நைந்திருக்கலாம்.
கார்புரேட்டரில் ஏறி இறங்குகிற ஸ்லைடு தேய்ந்திருக்கலாம்.
ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.
வயசு. 55 மாடல். ராணுவ ஏலத்தில் எடுத்தது. என்னைவிட மூன்று வயது இளையது. எனக்கே முட்டி பிடிக்கிறது.

சாயங்காலம் முரளி வந்தான். சரோவின் தம்பி, கார்த்திகையில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டும், பத்திரிகை வைக்க வேப்பம்பட்டும் சென்னீர்குப்பமும் போகணும் என்றான். போன மாசமே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. இன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். அதுக்கென்ன, எடுத்துக்கோ என்றேன். சரோ பக்கத்தில் நின்றாள்.

ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள்.

26, புதன்

அரை நாள் லீவு. புதுக் கேபிள் வாங்கி நானே மாட்டினேன், கைப்பிடிக்கும் எண்ணெய் விட்டேன். பதினாறு வருஷ ஃபிட்டர், இதற்கு ஒரு மெக்கானிக்கா என்ற கொழுப்பு. கார்புரேட்டரையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினேன். ஸ்லைடு நன்றாகவே இருக்கிறது. ஸ்பிரிங்கும்.

ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். பத்துத் தடவை ஒழுங்காக இறங்கியது. பதினோராவது தடவை பாதியில் நின்றது. கத்த ஆரம்பித்தது. லீவரை அழுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்துத் தடவை சரியாக இருந்ததுதான் பயமாக இருக்கிறது. எப்போதும் பிடித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை.

சரோ ஜன்னல் வழியாக: “என்னங்க, வண்டி ஏன் அழுவுது?” டியூனிங் என்றேன்.

27, வியாழன்

கேட் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். நடந்துதான். அந்தப் பெண்ணைப் பார்த்துவிடுவேனோ என்று. பார்த்தால்தான் என்ன, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆகவில்லை, ஆகவில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேன்.

ரேஷனில் சர்க்கரை வந்திருக்கிறதாம். போகவில்லை.

28, வெள்ளி

கொழுப்பு அடங்கியது. மார்க்கெட் பக்கம் தாஸ் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தாஸ் பழைய வண்டி பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். கேபிளைத் தொடவே இல்லை. கைப்பிடி ரப்பரை ஒரு தரம் முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஆயுத பூஜைக்கு யாரு சார் சந்தனம் வெச்சது?”

வீட்டில்தான் என்றேன். கைப்பிடியை மொத்தமாகக் கழற்றினார். உள்ளே ஹேண்டில் குழாயைச் சுற்றிக் காய்ந்த சந்தனம். போன வாரத்துச் சந்தனம் மேலே, அதற்கடியில் பழுப்பாகப் பழைய வருஷங்களுடையது, நடுநடுவே குங்குமச் சிவப்பு. நான் போட்ட எண்ணெயையும் குடித்துவிட்டு இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்தார். பெயர்ந்ததில் வாசனை வந்தது.

“பொட்டு வெச்சா ஒண்ணியும் ஆவாது சார். இது கொயச்சி ஊத்தி கீது. இனிமே டேங்க் மேல வெக்க சொல்லுங்க. கைப்பிடில வாணாம்.”

எனக்குத் தெரியும் அவள் ஏன் ஊற்றுகிறாள் என்று. ஒவ்வொரு பூஜைக்கும் லைட்டுக்கு ஒரு பொட்டு, டேங்குக்கு ஒரு பொட்டு, வலது கைப்பிடிக்கு மட்டும் வழிய வழிய. ஓட்டுகிற கை அதுதானே என்பாள். இவள் அப்பா மாதிரி நான் போய்விடக்கூடாது என்று ஊற்றின சந்தனம். அதுதான் திங்கட்கிழமை என்னைக் கொல்லப் பார்த்தது, ஒரு குழந்தையையும் சேர்த்து. இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது.

29, சனி

வண்டி அருமை. கைப்பிடி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, விட்டால் டக்கென்று இறங்குகிறது. வீட்டிலிருந்து கேட் வரை மூன்று தடவை போய்வந்தேன். டேங்க் நிறையப் பெட்ரோல்.

ஆனாலும் வலது கை மணிக்கட்டு விறைத்தே இருக்கிறது. பயம் வண்டியிலிருந்து கழன்று எனக்குள் வந்துவிட்டது போல.

சரோவிடம் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை பால்காரர். இரண்டாம் தடவை அவளே, முரளி கல்யாணத்தன்று அப்பா இருந்தால் எப்படி இருக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். சரி, அடுத்த பூஜைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

30, ஞாயிறு

ஒரு வாரம் கழித்து வெயில். சுள்ளென்று.

ஏழு மணிக்கு முரளி வந்தான். சரோ பத்திரிகை மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அந்தக் குட்டி லீவரை மூன்று தடவை காட்டினேன். நான் என்ன பிளேனா ஓட்டப் போறேன் மாமா என்று சிரித்தான். குளிக்கப் போனேன். தலைக்கு ஊற்றும்போது வண்டி கிளம்புகிற சத்தம்.

எட்டரை. இட்லி வைத்துக்கொண்டே சரோ சொன்னாள்: “கல்யாணப் பையன் இல்லையா, கைப்பிடிக்கு நல்லா சந்தனம் வெச்சு அனுப்பியிருக்கேன்.”

கையிலெடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயிலைப் பார்த்தேன்.

பத்தரை. இப்போது வேப்பம்பட்டில் இருப்பான். யாருக்குப் போன் செய்வது, அவர்கள் வீட்டில் போன் ஏது. பஸ் பிடித்துப் போனால் அவன் சென்னீர்குப்பம் கிளம்பியிருப்பான். ஹைவே. லாரிகள்.

பன்னிரண்டு. துணியெல்லாம் காய்ந்துவிட்டதாம். சரோ மடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னவன்.

ஒன்றே முக்கால். குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. எங்கே போறீங்க என்கிறாள். சும்மா. பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன், பிறகு சந்தனம் ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது. பையன் திரும்பி வரட்டும். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வந்தால் போதும்.

மூன்று பத்து. வந்துவிட்டான். தள்ளிக்கொண்டு. பேண்ட் முட்டியில் கிழிசல், உள்ளங்கையில் சிராய்ப்பு, பத்திரிகைப் பையெல்லாம் சேறு. முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் ரயில்வே கேட்டில் சிரித்திருக்கிறேன்.

“ஒண்ணுமில்ல மாமா. பெட்ரோல் தீந்து போச்சு.”

சரோ தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். அவன் முட்டியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வண்டியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். டேங்குக்குள் பெட்ரோல் தளும்புகிற சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. முரளி தலையைக் குனிந்துகொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“திங்கக்கிழமை உங்களுக்கும் இப்படித்தான் தீந்துச்சா?”

முரளி கால் கழுவுகிறான். சரோ சமையலறையில் இருக்கிறாள், பாத்திரச் சத்தமே இல்லை. பேனாவை மூடிவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும். சந்தனத்தையும் சேர்த்து.