கிடைக்காத ஒன்பது

என்னங்க,

“எப்பப் பார்த்தாலும் பரீட்சைங்கறியே, நீ பெரியவளாகவே மாட்டியாம்மா?” என்று நம் வாயாடி போன வருடம் கேட்டாளே, அவளிடம் சொல்லுங்கள்: அம்மா இன்று ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்கிறாள்.

“முதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் வேலைக்குப் போ” என்று நேற்று நீங்கள் கோபித்தது என் நல்லதுக்குத்தான். ஆனால் இரண்டையும் என்னால் இழுக்க முடியும். நேர்முகத் தேர்வில் சரிபார்க்கக் கொடுத்த பேங்க் கணக்கில் ஒன்பது ரூபாய் இடித்தது. மற்றவர்கள் அதை இதரச் செலவில் தள்ளிச் சரிக்கட்டிவிட்டார்கள். நான் ‘வித்தியாசம் ஒன்பது, காரணம் கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். “இந்தப் பொண்ணு போதும்” என்றாராம் ஆடிட்டர். கடவுள் ஏதோ காரணமாகத்தான் அந்த ஒன்பதை ஒளித்துவைத்திருக்கிறார்.

சோறு குக்கரில். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். வாயாடிக்கு நகம் வெட்ட வேண்டும்.

மறந்துவிட்டேன்: சண்டை போட்ட மறுநாள்கூட, விடியலில் என் புத்தகத்தருகே டீயை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவீர்கள். நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று உங்கள் தலைமாட்டில் டீ பிளாஸ்க்கை வைத்தேன். நீங்கள் அசையவில்லை, அவளும் தூங்குகிறாள். சர்க்கரை அரை ஸ்பூன்தான்.