சேற்றைத் தொடாதீங்க

செப்டம்பர் 12, வியாழன்
வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பித்தேன். வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டுமாம், சேர்த்துவிட்டேன். "நம்ம வீடு மேட்டுல இருக்கு லா, எதுக்கு தண்டம்?" என்றார் கணவர் பசுபதி. போன வருடம் எங்கள் ஊர் மெர்போக்கில் வெள்ளம் வந்து, தண்ணீர் எங்கள் வாசற்படி வரை ஏறியதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்
விடாத மழை. சாமி படங்களை மூட்டை கட்டிக்கொண்டு சுங்கை பட்டாணியில் தங்கை நளினி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

செப்டம்பர் 21, சனி
தண்ணீர் வடிந்துவிட்டது. வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. காப்புறுதி முகவர் ஷீலாவுக்குப் போன் செய்தேன். "அக்கா, சேத்த தொடாதீங்க. சேதத்த மதிப்பு போட செவ்வாக்கிழமை கம்பெனி அட்ஜஸ்டர் வந்து பாக்கணும்." பசுபதி எடுத்த போட்டோக்களில் அவர் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு
ஐயோ. காப்புறுதிக்குத் தேவையென்று போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வந்தால் வீடு பளபளவென்று இருக்கிறது! பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக் ரொகாயா, கம்பத்து ஊர் ஆட்களைத் திரட்டி கோத்தோங் ரோயோங் என்று எல்லாருமாகச் சேர்ந்து துப்புரவு நடத்தியிருக்கிறார். சுவரெல்லாம் தேய்த்து, ஊறிய அலமாரிகளை லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. சாவியை அவரிடம் கொடுத்து வைத்ததே நான்தான். எல்லாரும் சிரித்த முகமாக நிற்கிறார்கள். நான் நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். வெள்ளமே வரலன்னு கம்பெனியில சொல்லிட்டா? வயரிங், கதவு, தரை — காப்புறுதிப் பணம் வராம எதை வச்சு சரி செய்வோம்?

செப்டம்பர் 23, திங்கள்
கக் ரொகாயா போன் செய்தார். எடுக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்
அட்ஜஸ்டர் பெயர் குணாளன். சுத்தமான சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு எப்படிம்மா எழுதறது?" பிறகு சாத்தியிருந்த சாமி அறைக் கதவைத் தள்ளினார். கணுக்கால் அளவு சேறு. சுவரில் அதே கோடு! படங்கள் நளினி வீட்டில் இருந்ததால் நான் அங்கே எட்டிப் பார்க்கவேயில்லை. டேப் வைத்து அளந்தார். "இது போதும்மா, எழுதிடலாம்." அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 25, புதன்
கக் ரொகாயாவைப் பார்க்கப் போனேன். அவரே முந்திக்கொண்டார்: உன்னைக் கேட்காமல் சாமி அறையில் கால் வைக்கக் கூடாதென்று அதை மட்டும் விட்டுவிட்டோம், கோபமா என்றார். அதைச் சொல்லும்போது அவர் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வீட்டுச் சேறு. எங்கள் வீட்டை முதலில் முடித்தார்களாம்; அதற்குள் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். காப்புறுதி? இல்லை. இங்கே அளக்க யாரும் வரப்போவதில்லை.

அன்றைக்கு எப்படி இதைப் பார்க்காமல் போனேன்?

வீட்டிலிருந்து வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு திரும்பவும் அவர் வீட்டுக்குப் போனேன். பசுபதியும் வந்தார். சாயங்காலம்வரை, ஒரு அறை விடாமல் கழுவினோம்.