இரண்டு தாளிலும் 54

நவம்பர் 12, செவ்வாய்

இன்று கணித ஆசிரியை என் சோதனைத் தாளையும் பக்கத்தில் இருக்கும் சிவம் அண்ணையின் தாளையும் ஒன்றாக மேசையில் வைத்தார். டென்மார்க்கின் இந்த வளர்ந்தோர் கல்லூரியில் மற்ற எல்லோரும் கல்குலேட்டரைத் தட்டுவார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஊரில் படித்தபடி தாளில் எழுதிப் பிரிப்போம். எட்டாவது கணக்கில் இருவருமே ஏழெட்டு 54 என்று எழுதியிருந்தோம். இரண்டு தாளுக்கும் புள்ளி இல்லையாம். இந்தப் பாடம் போனால் எனக்குத் தாதிப் படிப்பும் இல்லை.

சிவம் அண்ணைதான் பார்த்து எழுதியிருப்பார். சோதனை முழுக்க இருமி இருமி என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். சில்க்போர்க் பஸ் தரிப்பில் நேரே கேட்டேன்.

"அண்ணை, என்ர தாளைப் பார்த்தனீங்களோ?"

"எனக்கென்னத்துக்கு, தங்கச்சி? நான் ஊரில ஓஎல் சோதனையில கணக்குக்கு டி, அதிவிசேட சித்தி எடுத்தவன்."

வாரா வாரம் சொல்லும் அதே கதை. அவருடைய சிரிப்பை நான் நம்பவில்லை.

இப்போது தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். 54க்கு அடியில் அழித்த தடம் இருக்கிறது. முதலில் 56 என்றுதான் எழுதியிருக்கிறேன். அண்ணையின் தாளில் 54ஐக் கண்டு, டி எடுத்தவருக்குத் தெரியாததா என்று நினைத்துத்தான் அழித்தேன்.